டேங்கர் லாரியும் தளும்பலும்: நிறுத்தத் தூரத்தின் வரலாறு

ஓட்டுநர் ஆபத்தைக் கண்ட கணத்திலிருந்து வாகனம் முழுதாக நிற்கும்வரை அது கடக்கும் தொலைவு நிறுத்தத் தூரம் எனப்படுகிறது. நெல் மூட்டை, சிமெண்ட், இரும்புக் கம்பி போன்ற திடச் சரக்கை ஏற்றிய லாரிக்கு இத்தூரம் வேகம், எடை, பிரேக்கின் திறம், டயரின் நிலை, சாலையின் பிடிப்பு ஆகியவற்றைப் பொறுத்து அமையும். டேங்கர் லாரிக்கு இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது. சக்கரங்கள் நின்றாலும் உள்ளே இருக்கும் திரவம் உடனே நிற்பதில்லை. அது முன்னே பாய்ந்து, தொட்டியின் முகப்பில் மோதித் திரும்பி, பின்சுவரில் மோதி மறுபடியும் முன்னே வரும். இந்த அசைவுக்குத் தமிழில் தளும்பல் என்று பெயர்.

சென்னையின் கோடைக்காலச் சாலைகளில் இதை யாரும் காணலாம். சிக்னலில் சட்டென்று நிற்கும் தண்ணீர் லாரியின் மேல்மூடி வழியே தண்ணீர் முன்பக்கமாகச் சிதறும். லாரி நின்று ஓரிரு நொடிகள் கழித்தே அச்சிதறல் நிகழ்வதும் உண்டு. அந்தத் தாமதத்தில்தான் டேங்கர் ஓட்டுதலின் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

பீப்பாயிலிருந்து தொட்டிக்கு

திரவத்தைப் பெருமளவில் தரைவழியே கொண்டுசெல்ல வேண்டிய தேவை கச்சா எண்ணெயோடு தொடங்கியது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டைட்டஸ்வில் அருகே 1859 ஆகஸ்டில் எட்வின் டிரேக் தோண்டிய கிணற்றில் எண்ணெய் கிடைத்தது. தொடக்கத்தில் எண்ணெய் மரப்பீப்பாய்களில் அடைக்கப்பட்டுக் குதிரை வண்டிகளில் சென்றது. பீப்பாய் ஒழுகும், விலை மிகுதி, ஏற்றி இறக்கக் கூலியும் மிகுதி. ஆனால் அதற்கு எவரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒரு நற்குணம் இருந்தது. வாய்வரை நிரம்பி மூடப்பட்ட சிறு பீப்பாயில் திரவம் அசைய இடமில்லை. சரக்கு திரவமாக இருந்தாலும் வண்டியைப் பொறுத்தவரை அது திடப்பொருளாகவே நடந்துகொண்டது.

1865இல் ஆமோஸ் டென்ஸ்மோர், ஜேம்ஸ் டென்ஸ்மோர் என்னும் சகோதரர்கள் தட்டையான ரயில் வண்டி ஒன்றின் மேல் இரண்டு பெரிய மரத்தொட்டிகளை நிறுத்தி எண்ணெயை அனுப்பினர். ரயில் தொட்டி வண்டியின் தொடக்கம் இதுவே. நின்ற நிலையில் இருந்த இத்தொட்டிகளால் வண்டியின் தலை கனத்தது, ஒழுகலும் தீரவில்லை. சில ஆண்டுகளிலேயே, 1869 வாக்கில், கொதிகலனைப் படுக்க வைத்தது போன்ற இரும்பு உருளைத் தொட்டி வந்து இவற்றை ஓரங்கட்டியது. இன்று சாலையில் காணும் டேங்கரின் வடிவம் அந்த இரும்பு உருளையின் வழிவந்ததே. படுக்க வைத்ததால் எடை தாழ்ந்தது, கவிழும் ஆபத்து குறைந்தது. அதே மாற்றத்தால் திரவம் முன்னும் பின்னும் ஓட நீளமான பாதையும் கிடைத்துவிட்டது.

கடலில் இந்தச் சிக்கல் வேறு முகத்துடன் வந்தது. லுட்விக் நோபல் 1878இல் சுவீடனில் கட்டுவித்த ஜோராஸ்டர் என்னும் கப்பல் பாகுவிலிருந்து காஸ்பியன் கடல் வழியே மண்ணெண்ணெய் கொண்டு சென்றது. அதில் சரக்கு ஒரே பெருந்தொட்டியில் இல்லை. இயந்திர அறைக்கு முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரண்டு தொட்டிகளில் பிரிக்கப்பட்டிருந்தது. 1886இல் இங்கிலாந்தில் கட்டப்பட்ட குளுக்காஃப் கப்பலில் உடற்பகுதியே அறை அறையாகத் தடுக்கப்பட்டு நேரடியாக எண்ணெய் நிரப்பப்பட்டது. பாதி நிரம்பிய அகன்ற அறையில் திரவம் பக்கவாட்டில் ஓடினால் கப்பல் நிமிரும் ஆற்றலை இழக்கும் என்பது கப்பற் பொறியாளர்களின் பாடம். நீரின் மேற்பரப்பைச் சிறு சிறு துண்டாக வெட்டு என்பதே அவர்கள் கண்ட தீர்வு. பின்னாளில் சாலையும் அதையே கடன் வாங்கியது.

ஆசியச் சந்தை இதற்கிடையில் பீப்பாய்க்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு கிளைவழியில் நடந்தது. மார்கஸ் சாமுவேலின் மியூரெக்ஸ் கப்பல் 1892இல் சூயஸ் கால்வாய் வழியாக மண்ணெண்ணெயைத் தொட்டியில் கொண்டு வந்தது. ஆனால் வாங்குவோர் எதிர்பார்த்தது மண்ணெண்ணெய் மட்டுமல்ல, அது அடைத்து வரும் தகர டின்னும்தான். தண்ணீர் சுமக்கவும் தானியம் கொட்டி வைக்கவும் கூரை வேயவும் அந்த டின் பயன்பட்டது. ஆகவே துறைமுகத்தில் இறங்கிய எண்ணெயை மறுபடியும் டின்னில் அடைத்து விற்க வேண்டியிருந்தது. மாட்டு வண்டியில் அடுக்கிய டின்களுக்குத் தளும்பல் என்னும் தொல்லையே கிடையாது.

அலையின் கணக்கு

வண்டியின் மொத்த எடையும் வேகமும் ஒன்றே என்றால், தளும்பும் சரக்கை நிறுத்தவும் தளும்பாத சரக்கை நிறுத்தவும் பிரேக் செய்ய வேண்டிய வேலை ஏறக்குறைய ஒன்றுதான். அந்த வேலை எப்போது, எந்தச் சக்கரத்தின் மேல் விழுகிறது என்பதே வேறுபடுகிறது. டேங்கரின் நிறுத்தத் தூரம் பற்றிய குழப்பங்களில் பாதி, இதை எடையின் சிக்கலாக மட்டும் பார்ப்பதால் வருபவை.

எளிய கணக்கொன்று இதை விளக்கும். 12 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட, குறுக்கே தடுப்பு எதுவும் இல்லாத பெட்டி வடிவத் தொட்டியில் பாதியளவு தண்ணீர் இருப்பதாகக் கொள்வோம். லாரி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்துகிறார். புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியளவுக்கு வேகம் குறைகிறது என்றால், லாரி சுமார் மூன்றரை நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் ஓடி நிற்கும். இத்தகைய தொட்டியில் அலை ஒருமுறை முன்சென்று திரும்பிவர ஏறக்குறைய 8 நொடி ஆகும். அதாவது முன்முகப்பில் அலை உச்சம் தொடுவது பிரேக் அழுத்திய நான்காவது நொடியில், லாரி நின்ற அல்லது நிற்கப்போகிற அதே வேளையில். ஓட்டுநர் ‘நின்றுவிட்டோம்’ என்று எண்ணிக் காலைத் தளர்த்தும் கணம்தான் சரக்கு வந்து மோதும் கணம்.

அதற்கு முன்பே எடை இடம் மாறத் தொடங்கியிருக்கும். இந்தத் தடையின் கீழ் தண்ணீர் முழுதும் சாய்ந்து நிலைகொள்ளுமானால், தொட்டியின் பின்பகுதியில் 4 மீட்டர் நீளம் காய்ந்து கிடக்கும். சரக்கின் எடைமையம் முன்னோக்கி ஏறக்குறைய 3 மீட்டர் நகர்ந்திருக்கும். பின்சக்கரங்களின் மேல் இருந்த சுமை குறையும். சுமை குறைந்த சக்கரம் அதே பிரேக் விசைக்கு எளிதில் பூட்டிக்கொண்டு சறுக்கும். சறுக்கும் சக்கரம் நேராகச் செல்லும் என்ற உறுதியில்லை. டிரெய்லர் டேங்கர் என்றால் பின்வண்டி ஒருபுறமாக வீசி முன்வண்டியோடு கத்தி மடிவது போல மடியும். இதைத் தவிர்க்க ஓட்டுநர் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டியிருக்கும். விட்ட ஒவ்வொரு கணமும் நிறுத்தத் தூரத்தில் சேர்கிறது.

அதே 12 மீட்டரை முழுச்சுவர்களால் நான்கு அறைகளாகப் பிரித்தால், எடைமையத்தின் நகர்வு 40 சென்டிமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். தண்ணீரின் அளவும் லாரியின் எடையும் மாறவில்லை. மாறியது தண்ணீருக்குக் கிடைத்த சுதந்திரம் மட்டுமே.

இக்கணக்குகளின் வேர் சாலையில் இல்லை. கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஜார்ஜ் ஹவுஸ்னர் 1957இலும் 1963இலும் வெளியிட்ட கட்டுரைகளில், நிலநடுக்கத்தில் குலுங்கும் நீர்த்தொட்டிகளை ஆராய்ந்தார். தொட்டியில் உள்ள திரவத்தின் ஒரு பங்கு சுவரோடு சேர்ந்தே அசைகிறது என்றும், மீதிப் பங்கு சுருள்வில்லில் கட்டிய எடைபோலத் தனியே ஊசலாடுகிறது என்றும் அவர் பிரித்துக் காட்டினார். அதே 1957இல் அமெரிக்க இராணுவத்தின் ஜூபிடர் ஏவுகணையின் இரண்டாவது சோதனை எரிபொருள் தளும்பலால் தோல்வியடைந்தது. அடுத்து வந்த ராக்கெட்டுகளின் தொட்டிகளுக்குள் தடுப்புத் தட்டுகள் நுழைந்தன. பாடம் முழுதாகப் படிக்கப்பட்டதாகச் சொல்ல முடியாது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2007இல், ஃபால்கன் 1 ராக்கெட்டின் இரண்டாம் பயணம் மேல்நிலைத் தொட்டியின் தளும்பலால் கட்டுப்பாட்டை இழந்தது.

காலி லாரியின் புதிர்

நிறைந்த லாரியைவிடக் காலி லாரி விரைவில் நின்றுவிடும் என்பது பொதுவான எண்ணம். கனரக லாரியைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் தவறு. அதன் பிரேக்குகளும் சுருள்வில்களும் முழுச்சுமைக்கென வடிவமைக்கப்பட்டவை. சுமை இல்லாதபோது சக்கரங்கள் சாலையில் துள்ளும், பிடிப்பு குறையும், எளிதில் பூட்டிக்கொள்ளும். ஆகவே காலி டேங்கர் நிற்கவும் கூடுதல் தூரம் தேவைப்படலாம் என்று அமெரிக்க மாநிலங்களின் வணிக ஓட்டுநர் கையேடுகள் எச்சரிக்கின்றன.

ஆக ஒரே டேங்கருக்கு மூன்று குணங்கள் உண்டு. காலியாக இருந்தால் பிடிப்பில்லாத லாரி. நிறைந்திருந்தால் கனமான, ஆனால் நிலையான லாரி. பாதி நிறைந்திருந்தால் கனமும் உண்டு, நிலையும் இல்லை. நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும் என்ற பழமொழி மனிதரைப் பற்றிச் சொல்லப்பட்டதுதான் என்றாலும், அதைச் சொன்னவர் குடம் சுமந்தவரின் அனுபவத்திலிருந்தே எடுத்திருக்க வேண்டும்.

டேங்கர்கள் குறைகுடமாக ஓடுவதற்குச் சோம்பல் காரணமல்ல. வழியில் பல இடங்களில் சரக்கை இறக்கிக்கொண்டே செல்லும்போது தொட்டி படிப்படியாகக் காலியாகும். சரக்கின் அடர்த்தியும் ஒரு காரணம். அடர் கந்தக அமிலம் தண்ணீரைப் போல ஏறக்குறைய 1.8 மடங்கு கனமானது. தண்ணீருக்கு அளவெடுத்த தொட்டியில் அதைப் பாதிக்குச் சற்று மேல் நிரப்பும்போதே சட்டம் அனுமதிக்கும் எடை எட்டிவிடும்.

சுவரும் தட்டும்

தளும்பலைக் கட்டுப்படுத்த இரண்டு கருவிகள் நிலைபெற்றன. ஒன்று, தொட்டியை முழுதாகப் பிரிக்கும் தடுப்புச் சுவர். இது தனித்தனி அறைகளை உண்டாக்கும். மற்றொன்று, திரவம் புகுந்து செல்ல ஓட்டைகள் விடப்பட்ட தளும்பல் தட்டு. தட்டு திரவத்தின் ஓட்டத்தை மெதுவாக்கும், அலையின் வேகத்தை உடைக்கும். ஆனால் முழுதாகத் தடுக்காது. நீண்ட நேரம் பிரேக் பிடித்தால் திரவம் ஓட்டை வழியே முன்னேறிச் சேர்ந்துவிடும். பக்கவாட்டுத் தளும்பலுக்கு இரண்டாலும் பெரிய பயனில்லை. வளைவில் டேங்கர் கவிழ்வது இதனாலேயே தனிச் சிக்கலாக நீடிக்கிறது.

பெட்ரோல் பங்குகளுக்குச் செல்லும் லாரிகளில் அறைகள் வந்ததற்கு முதற்காரணம் பிரேக் அல்ல என்றே தோன்றுகிறது. ஒரே லாரியில் பெட்ரோலும் டீசலும் கலக்காமல் செல்ல வேண்டும், ஒவ்வொரு பங்கிலும் அளவுகோல் விட்டு அளந்து கணக்குச் சொல்ல வேண்டும். அதற்குத் தனி அறைகள் வசதி. ஓர் அறை நிறைந்திருக்கும் அல்லது முழுதாக இறக்கப்பட்டுக் காலியாகும், பாதியில் நிற்பது அரிது. வணிகக் கணக்குக்காகக் கட்டிய சுவர் பாதுகாப்பையும் சேர்த்துக் கொடுத்தது.

இதை விதியாக எழுதியது ஐரோப்பா. ஆபத்தான சரக்குகளைச் சாலைவழியே பன்னாட்டளவில் கொண்டுசெல்வது பற்றிய உடன்படிக்கை 1957 செப்டம்பர் 30 அன்று ஜெனீவாவில் கையெழுத்தாகி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஏ.டி.ஆர். என்று அழைக்கப்படும் இதன் விதிகளில் ஒன்று குறிப்பிடத்தக்கது. 7,500 லிட்டருக்கு மேற்படாத பகுதிகளாகச் சுவராலோ தட்டாலோ பிரிக்கப்படாத தொட்டியில் திரவத்தைக் குறைந்தது 80 சதவீதம் நிரப்ப வேண்டும், அல்லது 20 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. தட்டு என்று பெயருக்கு ஒன்றை வைத்துவிட முடியாது. அதன் பரப்பு தொட்டியின் குறுக்குப் பரப்பில் 70 சதவீதமாவது இருக்க வேண்டும். இடைப்பட்ட அளவுகளே ஆபத்தானவை என்பதை இரண்டே எண்களில் சொல்லிவிட்ட விதி இது. டேங்கர் தொடர்பான விதிகளில் இவ்வளவு தெளிவானது வேறொன்றைக் காண்பது கடினம்.

அதற்காக விளிம்புவரை நிரப்பிவிடவும் முடியாது. திரவம் சூடேறினால் விரியும். ஸ்பெயினின் தரகோனா மாகாணத்தில் 1978 ஜூலை 11 அன்று, அளவுக்கு மேல் புரொப்பிலீன் நிரப்பப்பட்ட டேங்கர் லாரி ஒன்று லோஸ் அல்ஃபாக்கெஸ் என்னும் கடற்கரை முகாமருகே வெடித்தது. விடுமுறையைக் கழிக்க வந்திருந்தவர்களில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 19 டன் அளவில் ஏற்ற வேண்டிய தொட்டியில் 23 டன்னுக்கு மேல் இருந்தது, அழுத்தம் வெளியேற வால்வும் இல்லை. தளும்பலுக்கு அஞ்சி நிரப்பினால் விரிவு காத்திருக்கிறது, விரிவுக்கு அஞ்சி இடம் விட்டால் தளும்பல் காத்திருக்கிறது. 80க்கும் முழுமைக்கும் இடைப்பட்ட குறுகிய வரப்பில்தான் டேங்கர் நடக்க வேண்டியிருக்கிறது.

பால் ஏற்றிய தொட்டி

தடுப்புத் தட்டுகளை ஏற்காத சரக்கும் உண்டு. பால், பழச்சாறு, சமையல் எண்ணெய் போன்றவற்றுக்கான தொட்டியின் உட்பக்கம் மூலை முடுக்கின்றி வழவழப்பாக இருக்க வேண்டும். தட்டின் பின்னும் ஓட்டையின் விளிம்பிலும் பாலின் படிவு தங்கினால் கிருமி பெருகும். எனவே உணவுப் பொருள் தொட்டிகளில் தட்டுகளைச் சுகாதார விதிகள் விலக்குகின்றன என்று அமெரிக்கக் கையேடு தெரிவிக்கிறது. இத்தகைய தடுப்பில்லாத் தொட்டியை ஓட்டும்போது, குறிப்பாகப் புறப்படும்போதும் நிற்கும்போதும், மிகுந்த எச்சரிக்கை தேவை என்றும் அது கூறுகிறது. குடிக்கும் பாலின் தூய்மைக்கான விலையை அதைக் கொண்டுவரும் ஓட்டுநர் தன் காலடியில் செலுத்துகிறார்.

ஓட்டுநரின் கால்

இயந்திரம் தந்த உதவி குறைவல்ல. அமெரிக்காவில் 1997 முதல் புதிய டிராக்டர் லாரிகளுக்கும் 1998 முதல் ஏர் பிரேக் கொண்ட டிரெய்லர்களுக்கும் சக்கரப் பூட்டைத் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. 2009இல் வெளியான திருத்தம், பெரும்பாலான டிராக்டர் லாரிகள் மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க வேண்டிய தூரத்தை 355 அடியிலிருந்து 250 அடியாகக் குறைத்தது. ஆனால் இத்தூரங்கள் சோதனைத் தடத்தில், அசையாச் சுமை ஏற்றி அளக்கப்படுபவை. ஏ.பி.எஸ். ஒரு நொடிக்குள் பலமுறை பிரேக்கை விட்டுப் பிடிக்கும். பல நொடிகள் எடுத்து வரும் அலையை அது முன்கூட்டி அறியாது. அலை வந்து சக்கரத்தின் சுமையை மாற்றிய பிறகே எதிர்வினை ஆற்றும். அலையை முன்கூட்டி அறியக்கூடியவர் ஓட்டுநர் ஒருவரே.

அமெரிக்கா இதை 1986ஆம் ஆண்டின் வணிக வாகனப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே உரிமத்தில் சேர்த்தது. டேங்கர் ஓட்டத் தனித் தேர்வும் உரிமத்தில் தனி ஒப்புதலும் வேண்டும். சரக்கு பெட்ரோலா தண்ணீரா என்ற கேள்வி அங்கே எழுவதில்லை, திரவம் என்பதே போதும். அத்தேர்வுக்கான கையேட்டின்படி, மணிக்கு 55 மைல் வேகத்தில், அதாவது ஏறக்குறைய 88 கிலோமீட்டரில், நல்ல பிரேக்கும் காய்ந்த சாலையும் உள்ள கனரக வாகனம் நிற்க 419 அடி ஆகும். ஆபத்தை உணரவே 142 அடி, கால் பிரேக்குக்குச் செல்ல 61 அடி, பிரேக் பிடித்தபின் 216 அடி. மொத்தம் சுமார் 128 மீட்டர். பாதி தூரத்தை வாகனம் பிரேக்கே படாமல் கடந்துவிடுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

டேங்கருக்கான அறிவுரைகள் இதன்மேல் அமைந்தவை. முன்செல்லும் வாகனத்துக்கும் தனக்கும் இடையே கூடுதல் இடைவெளி விட வேண்டும். வெகு முன்னதாகவே பிரேக்கைத் தொட வேண்டும். நிற்கும் தறுவாயில் அழுத்தத்தை ஒரே சீராக வைத்திருக்க வேண்டும், அவசரப்பட்டுத் தளர்த்தக் கூடாது. கடைசிச் சொன்னதன் காரணம் மேலே கண்ட நான்காவது நொடி. பனி உறைந்த சாலையில் நின்றுவிட்ட டேங்கரைக்கூட அலை தள்ளிச் சாலைச் சந்திப்பின் நடுவே கொண்டுபோய் விடக்கூடும் என்று கையேடு கூறுகிறது.

இந்தியாவில்

இந்தியாவில் எண்ணெய், எரிவாயு டேங்கர்களின் தொட்டி வடிவமைப்பு நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதலுக்கு உட்பட்டது. தென்னிந்தியாவின் சமையல் எரிவாயுப் போக்குவரத்தில் பெரும்பங்கு நாமக்கல் மாவட்டத்து லாரித் தொழிலைச் சார்ந்தது. அங்குள்ள டேங்கர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தால் பல மாநிலங்களின் எரிவாயு நிரப்பும் நிலையங்கள் கவலைப்படும் அளவுக்கு அச்சார்பு பெரியது. எரிவாயுத் தொட்டியில் ஆவிக்கென்று எப்போதும் இடம் விட்டாக வேண்டும் என்பதால், அந்த ஓட்டுநர்களுக்குத் தளும்பல் அன்றாடத் துணை.

ஆபத்தான சரக்கு ஏற்றும் வாகனத்தை ஓட்டுபவர் மூன்று நாள் சிறப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. இங்கே பிரிவுக்கோடு சரக்கின் தன்மையைக் கொண்டு வரையப்பட்டிருக்கிறது. தீப்பிடிக்குமா, நஞ்சா, அரிக்குமா என்பதே கேள்வி, தளும்புமா என்பது அல்ல. ஏ.டி.ஆர். உடன்படிக்கையின் 80–20 விதியும் ஆபத்தான சரக்குக்கே உரியது. தண்ணீரும் பாலும் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. கசிந்தால் கேடில்லை என்பது உண்மைதான். ஆனால் 12,000 லிட்டர் தண்ணீர் 12 டன் எடை. ஒரு தெருவில் பாதியை இறக்கிவிட்டு அடுத்த தெருவுக்கு 6 டன்னைத் தளும்பவிட்டுச் செல்லும் லாரிக்கு முன்னால் சாலையைக் கடப்பவருக்கு, உள்ளே இருப்பது பெட்ரோலா தண்ணீரா என்பதால் நிறுத்தத் தூரம் குறைந்துவிடுவதில்லை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, நகரம் பயன்படுத்திய தண்ணீரில் ஒரு பங்கு இவ்வாறு சாலைவழியே வந்தது.

தண்ணீர் லாரியையும் உள்ளடக்கிய விதி வேகத்தைப் பற்றியது. 2015 ஏப்ரலில் வெளியான அறிவிக்கை, சரக்கு வாகனங்களின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை மணிக்கு 80 கிலோமீட்டருக்கு அமைக்கச் சொன்னது. டேங்கர்கள், டிப்பர்கள், பள்ளிப் பேருந்துகள், ஆபத்தான சரக்கு வாகனங்கள் ஆகியவற்றுக்கு அது 60 கிலோமீட்டர். பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது என்பதால், 80லிருந்து 60க்கு இறங்கும்போது அத்தூரம் ஏறக்குறைய பாதியாகிறது. அலையின் 8 நொடி மட்டும் வேகத்தைப் பொறுத்தது அல்ல. அது தொட்டியின் நீளத்தையும் உள்ளே இருக்கும் திரவத்தின் ஆழத்தையும் பொறுத்தது.